பருவமும் ஊசலும்

மாரியல்லது காரியமில்லை என்பது நம் முன்னோர் வாய்மொழி. கடவுள் வாழ்த்தினை அடுத்து வான்சிறப்பினை வைத்த வள்ளுவனாரின் வைப்புமுறையும் அவ்வுண்மையையே உணர்த்தும். காற்று எத்திசையினின்று வருகின்றது என்பதை நோக்கி வாடை, தென்றல், கொண்டல், கோடை எனப் பெயரிட்ட மரபு நம்முடையது. சோளகம் என யாழ்ப்பாணத்தாரும், கச்சான் என மட்டக்களப்பாரும் இன்றும் காற்றினைப் பெயர் சொல்லியே அழைப்பர். இத்தகைய மரபில் வந்த நாம் நம் பிள்ளைகளுக்கு மழையைப் பற்றி யாது கற்பிக்கின்றோம் என்பது இவ்விழா மலரில் எண்ணத்தக்கதொன்று.

மே முதல் செப்தெம்பர் வரை தென்மேற் பருவக்காற்று. திசெம்பர் முதல் பெப்புருவரி வரை வடகீழ்ப் பருவக்காற்று. இவற்றின் நடுவே இரண்டு இடைப்பருவங்கள். மாணாக்கர் இதனை வாய்ப்பாடுபோல் ஒப்புவிப்பர். இது பொய்யன்று, ஆயின் மெய்யின் ஒரு பாதியே. ஒரே பருவத்துள் பத்து நாள் பேய்மழையும் அடுத்த பத்து நாள் வெறுவானமும் வருவதேன்? ஓராண்டு மாரி பொழிய, மற்றோராண்டு பொய்ப்பதேன்? இவ்வினாக்களுக்கு வாய்ப்பாட்டில் விடையில்லை.

விடை தேடியவருள் முதல்வராக மதிக்கத்தக்கவர் கில்பேட் வாக்கர். 1899 ஆம் ஆண்டின் மழைப்பொய்ப்பும் பஞ்சமும் இந்தியாவை வாட்டியபின், 1904 இல் அந்நாட்டின் அவதான நிலையங்களுக்குத் தலைவராக வந்த கணித அறிஞர் அவர். 1913 இல் இராமானுசனின் கணக்குகளைக் கண்டு சென்னைப் பல்கலைக்கழகத்துக்குப் பரிந்தெழுதியவரும் அவரே. உலகெங்கணுமிருந்து பெற்ற அளவைகளை ஒப்புநோக்கிய வாக்கர், பசுபிக் சமுத்திரத்தில் வளியமுக்கம் உயருங்கால் இந்து சமுத்திரத்தில் தாழ்வதையும், அங்குத் தாழுங்கால் இங்கு உயர்வதையும் கண்டு, அதனைத் தென்னலைவு என்றார். எல் நீனோ, லா நீனா என நாம் கேள்வியுறும் கடல்வெப்ப மாற்றங்கள் இவ்வலைவோடு பிணைந்தவை என்பதைப் பின்னர் 1969 இல் பியெர்க்கினிசு என்னும் அறிஞர் விளக்கினார்.

இது சில ஆண்டுகளுக்கொருமுறை ஆடும் நெட்டூசல். இதனினும் விரைவாக ஆடுவதொன்றுண்டு. 1971 இல் மாடன், யூலியன் என்னும் இருவர் கண்ட அலைவு அது. இந்து சமுத்திரத்திற் பெருமுகிற்கூட்டமாகத் திரண்டு, மிதிவண்டி மிதிப்போன் வேகத்தில், அஃதாவது வினாடிக்கு ஏறத்தாழ 5 மீற்றராகக் கிழக்கு நோக்கிச் செல்லும். முப்பது முதல் அறுபது நாட்களுக்கொருமுறை இது மீண்டும் வரும். நம் தீவு அதன் வழியிலேயே கிடக்கின்றது.

இவ்வூசல்கள் ஒன்றையொன்று அறியாது தனித்தனி ஆடுவனவல்ல. முகிலில் நீராவி ஒடுங்கும்போது வெளிப்படும் வெப்பம் வளியை மேலெழச் செய்யும். எழுந்த வளி வேறிடத்தில் இறங்கும். இறங்குமிடத்தில் வானம் வெளுக்கும். இவ்வாறு ஒரு முகிற்கூட்டம் உலகளாவிய காற்றோட்டத்தையே அசைக்கின்றது. அதனோடு எழும் மேல்காற்று, பசுபிக்கின் வெந்நீரைக் கிழக்கே தள்ளி எல் நீனோ தோன்றவும் துணைசெய்யும்; 1997 இல் அவ்வாறு நிகழ்ந்தது. எல் நீனோ தோன்றியபின் அவ்வெந்நீரே முகிற்கூட்டத்தின் பயணத்தை மேலும் கிழக்கே நீட்டுகின்றது. இவற்றிற்கும் மேலே, படைமண்டலத்தில், ஏறத்தாழ 28 மாதங்களுக்கொருமுறை திசைமாறி மீளும் காற்றொன்றுண்டு. அது கிழக்கினின்று வீசும் மாரிக்காலங்களில் மாடன்–யூலியன் அலைவு வலுக்கின்றதென அண்மைக்கால ஆய்வுகள் காட்டுகின்றன.

இவற்றால் கொழும்பில் வாழும் நமக்கு யாது பயன் எனின், கூறுவல். லா நீனா ஆண்டுகளில், ஒற்றோபர் முதல் திசெம்பர் வரை நம் நாட்டில் மழை குறைதலும், அதன்பின் தையிலும் மாசியிலும் மிகுதலும் பொதுவியல்பு. 2010 லா நீனா ஆண்டே. எனினும் அவ்வாண்டு நவம்பர் 10 ஆம் நாளிரவு கொழும்பில் ஏறத்தாழ 440 மில்லிமீற்றர் மழை கொட்ட, பாராளுமன்றமும் வெள்ளத்தாற் சூழப்பட்டது. பின் 2011 தொடக்கத்தில் மட்டக்களப்பு வெள்ளத்தில் மூழ்கியது. பின்னது பொதுவியல்போடு பொருந்தியது, முன்னது பொருந்தவில்லை. நெட்டூசல் ஒரு பருவத்தின் சாய்வைக் காட்டும். ஒரு நாளின் விதியைக் காட்டாது. விரைவூசலை நோக்கினால் இரண்டு மூன்று வாரங்களுக்கு முன்னரே விழிப்புறலாம். அதுவும் வாய்ப்பையே சொல்லும். வாக்குறுதி தருவதன்று.

ஈண்டுத்தான் தமிழாசிரியனுக்கும் பங்குண்டு என்பேன். ‘பெய்யும்’ என்பது வேறு, ‘பெய்யக்கூடும்’ என்பது வேறு. நம் மக்களோ ‘பெய்யக்கூடும்’ என்பதைப் பெய்தே தீரும் என எடுத்துக்கொண்டு, பெய்யாதொழியின் பொய்யுரைத்தார் என ஏசுவர். அன்றேல் அதனைப் பொருளற்ற பேச்சாகத் தள்ளி மறுமுறை எச்சரிக்கையைச் செவிமடார். வெள்ளவத்தைக் கால்வாய்க் கரையில் வாழ்வோர்க்கும், கொட்டாஞ்சேனையின் தாழ்ந்த ஒழுங்கைகளில் வாழ்வோர்க்கும், இவ்வொரு சொல்லின் பொருள் உடைமையையும் உயிரையும் காப்பதாகும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி பல நூற்றுவரைக் கொண்டு சென்றபின் இதனை மிகையெனக் கூறுவார் உளரோ?

ஆதலின் என் வேண்டுகோள் மூன்று. கல்லூரி முற்றத்தில் மழைமானியொன்று வைத்து, மாணாக்கரே நாடோறும் அளந்து பலகையில் எழுதுக. அதனருகே ஊசல்களின் அன்றைய நிலையையும் நல்ல தமிழில் எழுதுக. பொறியியலிலும் புவியியலிலும் தேர்ந்த பழைய மாணவர் ஆண்டுக்கொருமுறையேனும் வந்து அவற்றை விளக்குக. பெருஞ்செலவு வேண்டாதவை இவை. மழை பெய்யாத நாளிலும் குடையோடு வந்த மாணவனைக் கண்டு பிறர் நகைக்காத வகுப்பறை ஒன்று உருவாகுமாயின், நம் கல்லூரி இந்நகருக்குப் பெருந்தொண்டு செய்ததாகும்.