நீளம் ஒன்றே வித்தியாசமா?

"ரெஸ்யூமேயும் சி.வி.யும் ஒன்றே, முன்னது இரண்டு பக்கம், பின்னது பத்துப் பக்கம்" என்னும் அபிப்பிராயம், உத்தியோகம் தேடும் இளைஞர்களிடம் மட்டுமன்றி, அவர்களுக்கு ஆலோசனை கூறும் பெரியவர்களிடமும் வேரூன்றியிருக்கிறது. இதை நம்பி அமெரிக்க ஸ்தாபனங்களுக்கு விண்ணப்பிக்கும் நம்மவர்களுக்கு நேரும் நஷ்டம் சிறிதன்றாகையால், மறுத்துரைப்பது அவசியமாகிறது.

நீளம் என்பது இங்கே காரியமேயன்றிக் காரணமன்று. அமெரிக்க வழக்கில் ரெஸ்யூமே, குறிப்பிட்டதொரு வேலையை முன்னிட்டு, அதற்கு இசைந்த அனுபவங்களை மட்டும் தெரிந்தெடுத்துச் சொல்லும் வாதம். சுமார் 1482-இல் லியோனார்டோ டா வின்சி மிலான் நகரை ஆண்ட லுடோவிகோ ஸ்ஃபோர்ஸாவுக்கென வரைந்த விண்ணப்பம் இதற்குச் சிறந்த திருஷ்டாந்தம்: பிற்காலம் ஓவிய மேதையெனப் போற்றும் அவர், யுத்தத்துக்கு வேண்டிய பாலங்களையும் பீரங்கிகளையும் மூடிய ரதங்களையும் முதலில் வரிசையாக விவரித்துவிட்டு, சிற்பமும் சித்திரமும் தமக்குக் கைவருமென்பதை இறுதியிலேயே சுருக்கமாகத் தெரிவித்தார், அப்பிரபு எதை நாடுவார் என்பதை அவர் அறிந்திருந்தார். சி.வி.யோ, சர்வகலாசாலைப் பதவிக்குரியதாகையால், ஆய்வேடு, பிரசுரமான கட்டுரைகள், மாநாட்டு உரைகள், பெற்ற நிதியுதவி, கற்பித்த பாடங்கள் ஆகிய யாவற்றையும் விடுபாடின்றிக் காட்டவேண்டிய பதிவு. நேற்றுப் பட்டம் பெற்ற ஆராய்ச்சியாளரின் சி.வி. இரண்டே பக்கத்தில் முடிந்தாலும் அது சி.வி.யே.

ஆகவே, ரெஸ்யூமேயை நீட்டினால் சி.வி. ஆகிவிடும் என்பதும் பொருந்தாது. நீட்டியதில் அடைமொழிகள் பெருகுமேயன்றி, தேர்வுக் குழுவினர் தேடும் பிரசுரப் பட்டியல் தோன்றாது.

இந்தப் பாகுபாடு சகல தேசங்களுக்கும் பொது என்பாரும் உளர். பிரிட்டனிலும் அயர்லாந்திலும் கடைச் சிப்பந்தி வேலைக்கும் சி.வி. என்றே கேட்பார்கள், இரண்டு பக்கத்துக்கு மேல் எதிர்பார்ப்பதில்லை. ஐரோப்பிய யூனியன் 2004-இல் ஏற்படுத்திய யூரோபாஸ் ஏற்பாட்டிலும் சாதாரணத் தொழிலாளிக்குரிய படிவம் சி.வி.தான். நம் நாட்டிலோ இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று பதிலாக வழங்குவதோடு, தந்தை பெயரும் பிறந்த தேதியும் தாங்கிய பயோடேட்டாவும் சேர்ந்துகொள்கிறது. எனவே பெயரைக் கண்டு தீர்மானிக்காமல், கேட்பவர் எந்தத் தேசத்தவர், வேலை எத்துறையைச் சார்ந்தது என்று விசாரித்தறிவதே விவேகம்.

தெரிந்தெடுத்து எழுதுவது உண்மையை மறைப்பதாகும் என்ற ஆட்சேபம்தான் என்னை மிகவும் வருத்துகிறது. மனச்சாட்சியுள்ள இளைஞர்களையே அது கலங்கச் செய்கிறது. கணக்கர் பதவிக்கு மனுச் செய்பவர், தாம் ஒரு கோடை விடுமுறையில் உணவு விடுதியில் பரிமாறியதைச் சொல்லாமல் விடுவதில் யாதொரு வஞ்சனையும் இல்லை. அச்சேறாத கட்டுரையை அச்சேறியதாகச் சி.வி.யில் சேர்ப்பதே வஞ்சனை. முழுமையான பதிவு என்ற நம்பிக்கையில் அதை வாசிக்கும் குழுவினரை அது நேராக ஏமாற்றுகிறது.