எங்க அண்ணனுக்கு யாருங்க சாராயம் ஊத்திக் கொடுத்தது?

கோபத்தில் எழுதுகிற பதிவு இது. முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். காலை மாத்திரையைப் போட்டுக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறேன், எனவே யாரும் போன் செய்து விசாரிக்க வேண்டாம்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலமான என் நண்பர் ஒருவரின் மகள் கூப்பிட்டாள். நான் அவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன், அதனால் அவளுக்கு நான் சித்தப்பா.

"சித்தப்பா, அந்தப் படத்தைப் பாத்தீங்களா?"

"இன்னும் இல்லீங்க கண்ணு. அனுப்பிட்டாங்களா?"

"அனுப்பிட்டாங்க. எங்கப்பா எப்பங்க சித்தப்பா குடிச்சாரு?"

அதற்குமேல் அவளால் பேச முடியவில்லை. நான் படத்தைப் பார்த்தேன். 22 நிமிடம். முதல் காட்சியிலேயே அண்ணன் ஒரு குவார்ட்டர் பாட்டிலுடன் உட்கார்ந்து கதை எழுதிக்கொண்டிருக்கிறார். கடைசிக் காட்சியில் எழுதிய நோட்டையெல்லாம் தீ வைத்துக் கொளுத்திவிட்டு மழையில் நிற்கிறார். நல்ல கேமரா. நல்ல இசை. எல்லாமே பொய்.

அண்ணன் யார் என்று சொன்னால்தான் என் ஆத்திரம் உங்களுக்குப் புரியும். நாங்கள் இருவரும் ஒரே அரசு அலுவலகத்தில் இருந்தோம். அவர் டைப்பிஸ்ட், நான் ரெக்கார்ட் ரூம். டீயைத் தவிர வேறு பழக்கம் இல்லாத மனுசன், அதுவும் சர்க்கரை கம்மியாக. வேலை முடிந்ததும் ஒரு நோட்டில் கட்டம் போட்டுக் கதை எழுதுவார். படக்கதை. அவருக்குப் படம் வரையவே வராது. வட்டத்துக்குக் கீழே நாலு கோடு போட்டால் அது ஆள். தலையில் முடிச்சுப் போட்டால் பொம்பளை. பேசுகிற வசனத்தை மட்டும் மணிமணியாக எழுதுவார். உக்கடம் பக்கம் கடை போர்டு எழுதுகிற பெயிண்டர் ஒருவர் அந்தக் குச்சி மனுசர்களைப் பார்த்து ஒழுங்காக வரைந்து கொடுப்பார். கூலி, ரெண்டு டீயும் ஒரு வடையும். பிறகு அதை சைக்ளோஸ்டைலில் உருட்டி, இருபது முப்பது பிரதி எடுத்து, அலுவலகத்தில் சுற்றுக்கு விடுவோம். ஸ்டென்சில் காகிதம் எங்கிருந்து வந்தது என்று கேட்காதீர்கள், எனக்கு இன்னும் பென்சன் வந்துகொண்டிருக்கிறது.

கதையில் என்ன இருக்கும்? ஒன்றும் இருக்காது. தெருக்குழாயில் சிறுவாணித் தண்ணி எப்போது வரும் என்று குடத்தோடு நிற்கும் நாலு பேர். மூடிப்போன மில்லின் சங்கு ஊதாததால் நேரம் தெரியாமல் தவிக்கிற ஒரு கிழவர். டவுன் பஸ்ஸில் சில்லறைச் சண்டை. இன்கிரிமென்ட் ஃபைல் ஒரு மேஜையிலிருந்து பக்கத்து மேஜைக்குப் போக எடுத்துக்கொள்ளும் பதினோரு நாள். படித்துவிட்டுச் சிரிப்போம், அப்புறம் கொஞ்ச நேரம் சும்மா இருப்போம்.

எங்கள் தலைமுறைக்குப் படக்கதைப் பைத்தியம் வந்தது சிவகாசியிலிருந்து. 1972-ல் முத்து காமிக்ஸ் தொடங்கியபோது நான் பள்ளிக்கூடத்துப் பையன். இரும்புக்கை மாயாவி மின்சாரத்தைத் தொட்டால் உடம்பு மறைந்துவிடும், கை மட்டும் அந்தரத்தில் மிதக்கும். அதைப் படித்துவிட்டு எங்கள் தெருவில் ஒருவன் பிளக் பாயிண்டில் விரலை விட்டு, மறையாமல், ஆஸ்பத்திரிக்குப் போனான். அந்த மாயாவியை எழுதிய கென் பல்மர் என்ற ஆங்கிலேயரையும், வரைந்த பார்சிலோனாக்காரர் ஹெசூஸ் பிளாஸ்கோவையும் நாங்கள் தெரிந்துகொள்ளவே இல்லை. கதாநாயகனின் கையை மட்டும் தெரிந்துகொண்டோம். எழுதின கை முழுசாகவே மறைந்திருந்தது. 1984-ல் லயன் காமிக்ஸ் வந்தது, மாடஸ்டி பிளைசி வந்தாள், ஸ்பைடர் வந்தான். அண்ணன் எல்லாவற்றையும் படிப்பார். படித்துவிட்டு, "எல்லாஞ் செரி, இவிங்கெல்லாம் ரேசன் கடைக்கு எப்பத்தான் போவாங்க?" என்பார்.

இதே கேள்வியை அமெரிக்காவில் ஒருவர் கேட்டிருக்கிறார் என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. ஹார்வி பீக்கர் என்று பெயர். கிளீவ்லாந்து நகரத்தில் முன்னாள் ராணுவத்தினருக்கான அரசு ஆஸ்பத்திரியில் ஃபைல் கிளார்க். என் ஜாதி! (உத்தியோகத்தைச் சொல்கிறேன்.) அவருக்கும் படம் வராது, குச்சி மனுசர்தான். ஆனால் அவருடைய சிநேகிதர் ராபர்ட் கிரம்ப். பெரிய கம்பெனிகளுக்கு வெளியே, தணிக்கைக்குக் கட்டுப்படாமல் அங்கே கிளம்பிய தலைமறைவுக் காமிக்ஸ் கூட்டத்தின் பெரிய தலை அவர். கிரம்பும் மற்றவர்களும் வரைய, பீக்கர் 1976-ல் 'அமெரிக்கன் ஸ்பிளெண்டர்' என்ற படக்கதை இதழைச் சொந்தக் காசில் ஆரம்பித்தார். அதில் பறக்கிற ஆள் கிடையாது. கடையில் பில் போட வரிசையில் நிற்கிறார், முன்னால் ஒரு கிழவி பேரம் பேசிக்கொண்டே இருக்கிறாள், இவருக்குப் பொறுமை போகிறது. அவ்வளவுதான் கதை.

2003-ல் அதே பெயரில் அவரைப் பற்றிப் படம் வந்தது. ஷாரி ஸ்பிரிங்கர் பெர்மன், ராபர்ட் புல்சினி என்ற கணவன் மனைவி எடுத்தது. அந்த ஆண்டு சன்டான்ஸ் விழாவில் முதல் பரிசு வாங்கியது. என் மகன் குறுந்தகடு கொண்டுவந்து கொடுத்தான், "அப்பா, உங்க ஆபீஸ் கதை மாதிரியே இருக்குது" என்று. மூன்று முறை பார்த்துவிட்டேன்.

அந்தப் படத்தில் ஒரு காரியம் செய்திருக்கிறார்கள், அதைத்தான் நம் ஊர்ப் படக்காரர்கள் உட்கார்ந்து பார்க்க வேண்டும். பால் ஜியாமட்டி என்ற நடிகர் பீக்கராக நடிக்கிறார். நடுநடுவே நிஜ பீக்கரும் வந்து உட்கார்ந்து, தொண்டை கரகரக்கப் பேசுகிறார். நடிகரைப் பற்றி, இந்த ஆள் என்னை மாதிரியே இல்லை என்கிற தோரணையில் சொல்கிறார். அதை வெட்டாமல் வைத்திருக்கிறார்கள். நிஜ மனைவி ஜாய்ஸ் வருகிறார், கூட வேலை பார்த்த நிஜ ஆளும் வருகிறார். படம் சொல்வதில் எது சரி, எது கொஞ்சம் கூட்டியது என்று பார்க்கிறவனுக்கே தெரிந்துவிடும். அந்த மனுசருக்குக் கேன்சர் வந்ததையும் காட்டுகிறார்கள். அதை அவரும் மனைவியுமாக ஏற்கனவே 1994-ல் படக்கதைப் புத்தகமாகப் போட்டுவிட்டிருந்தார்கள். புகழ்பெற்ற டிவி நிகழ்ச்சியில் போய் உட்கார்ந்துகொண்டு, அந்த டிவிக்கே சொந்தக்காரக் கம்பெனியைத் திட்டுகிறார். அப்புறம்? அப்புறம் மறுநாள் ஃபைல் அடுக்க வேலைக்குப் போகிறார். 2001-ல் ரிட்டயர் ஆகிறவரை அடுக்கினார். படத்தின் முடிவு என்ன தெரியுமா? ஆபீசில் அவருக்கு நடந்த நிஜமான ரிட்டயர்மென்ட் பார்ட்டி. எனக்கு நடந்ததும் ஏறக்குறைய அதேதான், சால்வையும் மிக்சரும் அதிகம். அந்த இடத்தில் என் வீட்டுக்காரம்மாள் என்னைத் திரும்பிப் பார்த்தாள், நான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

மழை இல்லை. தீ இல்லை. பாட்டில் இல்லை. 2010-ல் பீக்கர் இறந்தார், 70 வயது.

இப்போது நம்ம ஊருக்கு வருவோம்.

பாப்பநாயக்கன்புதூர் முருகானந்தம் விஷயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஏழைப் பெண்களுக்கு மலிவு விலை நாப்கின் செய்ய மிஷின் கண்டுபிடித்தவர், 2016-ல் பத்மஸ்ரீ வாங்கியவர், நம் கோயமுத்தூர்க்காரர். ஃபுட்பால் பிளாடரில் ஆட்டு ரத்தத்தை ஊற்றிக் கட்டிக்கொண்டு தானே சோதனை செய்தவர். மனைவி கோபித்துக்கொண்டு போனார், அம்மாவும் போனார், ஊர் சிரித்தது. இதற்குமேல் ஒரு கதைக்கு என்ன வேண்டும்? 2018-ல் 'பேட்மேன்' என்று இந்திப் படம் வந்தது, அக்ஷய் குமார். முருகானந்தம் லட்சுமிகாந்த் சௌஹான் ஆகிவிட்டார், கோயமுத்தூர் மத்தியப் பிரதேசம் ஆகிவிட்டது. மனைவி பிரிந்திருக்கும் நேரத்தில் இன்னொரு அழகான பெண் வந்து மனதைக் கொடுக்கிறாள், பாட்டுப் பாடுகிறார்கள். அந்த நல்ல விஷயம் வடக்கே பல பேருக்குப் போய்ச் சேர்ந்தது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒர்க்‌ஷாப்பும் லேத்தும் பவுண்டரியும் தெருவுக்குத் தெரு இருக்கிற ஊரில்தானே அப்படி ஒரு ஆள் மிஷினைக் கழற்றிப் பூட்டி யோசிக்க முடிந்தது? ஊரை எடுத்துவிட்டால் அவர் ஏன் அப்படி யோசித்தார் என்பதும் கூடவே போய்விடுகிறது. பாட்டு மட்டும் மிச்சம்.

தமிழில் 'பாரதி' வந்தது, 'காமராஜ்' வந்தது, 'பெரியார்' வந்தது, 'ராமானுஜன்' வந்தது. மரியாதையாக எடுத்த படங்கள், குறை சொல்ல மாட்டேன். ஆனால் படம் எடுக்க ஒருவர் தலைவராகவோ மேதையாகவோ நடிகையாகவோ கிரிக்கெட் கேப்டனாகவோ இருந்தாக வேண்டும் என்று யார் ஜி.ஓ. போட்டது? கோவை ஞானியை எத்தனை பேருக்குத் தெரியும்? சோமனூரில் பிறந்தவர், பள்ளிக்கூடத்தில் தமிழ் வாத்தியார். சர்க்கரை நோயில் கண் போனது. போன பிறகும் பிறர் வாசிக்கக் கேட்டு, சொல்லச் சொல்ல எழுத வைத்து, புத்தகம் புத்தகமாகப் போட்டார், 'தமிழ்நேயம்' என்று பத்திரிகை நடத்தினார். 2020-ல் போய்ச் சேர்ந்தார். அதற்கும் முன்னால் 1959-ல் 'எழுத்து' தொடங்கிய சி.சு.செல்லப்பா, போட்ட புத்தகத்தையெல்லாம் மூட்டை கட்டிக் கல்லூரி கல்லூரியாகத் தூக்கிக்கொண்டு போய் விற்றவர். பீக்கர் செய்ததும் அதுதானே? கைக்காசைப் போட்டு அச்சடித்தார், விற்காத கட்டுகளை வீட்டில் அடுக்கி வைத்தார். அங்கே அதற்கு ஒரு படம் வந்தது.

"இதெல்லாம் யாருங்க பார்ப்பாங்க?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். காசு போட்டவன் காசு எடுக்க வேண்டும். ஆனால் அண்ணனைப் படம் எடுத்தது பெரிய கம்பெனி இல்லையே! ஒரு காலேஜ் பையனும் அவன் கூட்டாளிகளும். பெயர் சொல்ல மாட்டேன், பிழைத்துப் போகட்டும். டிக்கெட் கிடையாது, வசூல் கிடையாது, எந்தத் தயாரிப்பாளரும் கழுத்தில் கத்தி வைக்கவில்லை. பிறகு எதற்குப் பொய்?

அவன் என்னிடம் வந்து மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தான். கம்பங்கூழ் கொடுத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். கடைசியில் கேட்டான், "அங்கிள், எல்லாஞ் சரி, அவர் லைஃப்ல ஒரு ட்விஸ்ட் இல்லியே? ஏதாச்சும் லவ் ஃபெயிலியர்? குடி?"

"இல்லைங்க தம்பி. அவரு எழுதுனாரு. வேலைக்குப் போனாரு. பொண்ணக் கட்டிக் கொடுத்தாரு."

"அது கதை இல்லியே அங்கிள்."

அப்போதே எனக்குச் சுருக்கென்றது. படித்த பையன், மரியாதையாகவும் பேசினான், அதனால் விட்டுவிட்டேன். அது என் தப்பு.

முப்பத்திரண்டு வருசம் ரெக்கார்ட் ரூமில் இருந்தவன் நான். எங்கள் கணக்கில் எல்.டிஸ் என்றால் ஒரு வருசத்தில் அழிக்கலாம், கே.டிஸ் மூணு வருசம், டி.டிஸ் பத்து வருசம், ஆர்.டிஸ் என்றால் காலத்துக்கும் வைக்க வேண்டும். எந்த ஃபைலுக்கு எந்த முத்திரை என்பதை அதைப் படித்துப் பார்த்தவர்தான் போட முடியும். அண்ணனின் வாழ்க்கையைப் படிக்காமலேயே எல்.டிஸ் போட்டுவிட்டு, அதன் அட்டைக்குள் இன்னொருத்தன் கதையைச் சொருகிவிட்டார்கள். இதை ஆபீசில் செய்திருந்தால் மெமோ.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நோட்டுகளை அவர் கொளுத்தவில்லை. வீடு மாற்றும்போது பெரும்பாலானவை பழைய பேப்பர்க்காரருக்குப் போயின, எடைக்கு. யாரும் அழவில்லை, யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை, மூட்டை கட்ட நானும்தான் கூடப்போனேன். அந்தப் பையன் படம் பிடிக்க வேண்டிய காட்சி அதுதான். அவனிடம் அதையும் சொன்னேன், தராசு உட்பட. அதை விட்டுவிட்டுத் தீப்பெட்டியை எடுத்தான்.

படத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளச் சொல்லி அவனுக்கு எழுதியிருக்கிறேன். கலைஞனின் சுதந்திரம் என்று ஒரு வரியில் பதில் வந்தது. உன் சுதந்திரத்தை வைத்து உன் கற்பனை ஆளுக்கு எத்தனை பாட்டில் வேண்டுமானாலும் ஊற்று தம்பி. எங்கள் அண்ணனின் பெயரையும், அவர் மகள் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்த போட்டோவையும் முதலில் கழற்றிவிட்டு ஊற்று.

மூன்று நோட்டு தப்பியிருக்கிறது. ஒன்று என்னிடம், இரண்டு மகளிடம். நேற்று அவள் இரண்டையும் மஞ்சப்பையில் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தாள். கதை கதையாகப் படம் பிடித்து இங்கே போடப் போகிறேன். முதலில் சிறுவாணித் தண்ணிக் கதை. பெயிண்டருக்குக் குடம் வரைவதில் கொஞ்சம் அவசரம், பாதிக் குடத்துக்கு வாய் இருக்காது. ஓரத்தில் டீக்கறையும் இருக்கும்.