டிக்கிக்குள் எத்தனை லிட்டர்?

சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் காருக்கு சப்வூஃபர் மாட்ட வருபவர்கள் பிராண்டைக் கேட்பார்கள், எத்தனை வாட்ஸ் என்பார்கள், இ.எம்.ஐ. உண்டா என்றுகூட விசாரிப்பார்கள். அதை எந்தப் பெட்டிக்குள் வைக்கப்போகிறீர்கள், அந்தப் பெட்டியின் உள்ளளவு எத்தனை லிட்டர் என்று கேட்பவர் அபூர்வம். ஸ்பீக்கருக்கு ஆயிரங்களை யோசிக்காமல் எடுத்து வைத்துவிட்டு, பெட்டி என்று வந்ததும் கத்தரிக்காய் வாங்குவதுபோல் பேரம் பேசுகிறார்கள். பேஸ் விஷயத்தில் இது தலைகீழ்க் கணக்கு.

ஸ்பீக்கரின் கூம்பு முன்னால் காற்றைத் தள்ளும் அதே நொடியில் பின்னால் காற்றை இழுக்கிறது. முன்பக்க ஒலியும் பின்பக்க ஒலியும் ஒன்றுக்கொன்று நேரெதிர். இரண்டும் சந்தித்தால் ஒன்றையொன்று தின்றுவிடும். பெட்டி இல்லாத சப்வூஃபரில் கூம்பு மட்டும் ஆடும், அடி கேட்காது. இரண்டு ஒலிகளையும் பிரித்து வைப்பது பெட்டியின் முதல் வேலை. அடுத்த வேலை நுட்பமானது. நல்ல பேஸ் வேண்டுமென்றால் பீரோ அளவுக்குப் பெட்டி வேண்டும் என்று உலகம் நம்பிக்கொண்டிருந்த காலத்தில், 1954-ல், அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகரில் எட்கர் வில்ச்சரும் ஹென்றி க்ளாஸும் ஏ.ஆர்.-1 என்ற சிறிய ஸ்பீக்கரைக் கொண்டுவந்தார்கள். காற்றுப் புகாமல் மூடிய பெட்டி அது. உள்ளே அடைபட்ட காற்றே கூம்புக்கு ஸ்பிரிங் ஆனது. காற்று குறைந்தால் ஸ்பிரிங் விறைக்கும், கூடினால் தளரும். லிட்டர் கணக்கு அங்கிருந்துதான் வருகிறது.

அந்தக் கணக்கைச் சூத்திரமாக்கியவர்களில் முதன்மையானவர் ஆஸ்திரேலியப் பொறியாளர் நெவில் தீல். 1961-ல் அவர் எழுதிய கட்டுரையைப் பத்தாண்டு காலம் வெளியுலகம் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1971-ல் அமெரிக்க ஒலிப் பொறியியல் இதழ் மறுபிரசுரம் செய்த பிறகே பேசப்பட்டது. சிட்னி பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் ஸ்மால் அதை விரிவாக்கினார். இன்று நல்ல சப்வூஃபர் எதை வாங்கினாலும் கூடவே வரும் தாளில் தீல்-ஸ்மால் எண்களும், இத்தனை லிட்டர் பெட்டி வேண்டும் என்ற பரிந்துரையும் இருக்கும். அட்டைப்பெட்டியோடு குப்பைக்குப் போவதும் அந்தத் தாள்தான்.

இந்தியக் கார்களில் இந்தக் கணக்குக்கு இன்னொரு முடிச்சும் உண்டு. 2006 பட்ஜெட்டில் 4 மீட்டருக்கு உட்பட்ட சிறிய கார்களுக்கு வரி குறைந்தது. அதற்குள் அடங்க செடான் கார்கள் பின்பக்கத்தை வெட்டிக்கொண்டன. 2017-ல் வந்த டிசையரின் டிக்கி 378 லிட்டர். அதற்கு அடுத்த ஆண்டு வந்த ஸ்விஃப்டுக்கு 268. 12 அங்குல சப்வூஃபருக்கு மூடிய பெட்டி என்றால் உள்ளளவு ஏறத்தாழ 30 லிட்டர்; எண்ணாகப் பார்த்தால் பெரிதில்லை. ஆனால் சதுரமான பிளைவுட் பெட்டி டிக்கியின் நடுவே உட்கார்ந்துகொள்ளும். அதன் பிறகு விமான நிலையத்துக்குப் போகும் குடும்பம் சூட்கேஸை மடியில் வைத்துக்கொள்ள வேண்டியதுதான். அதே டிக்கியில் சக்கர வளைவுக்குப் பின்னால், பக்கத் தகரத்தின் மடிப்பில், எதற்கும் உதவாத ஒரு குழிவு சும்மா கிடக்கிறது. மரப்பலகை அங்கே நுழையாது. கண்ணாடி இழையும் ரெசினும் சேர்ந்த ஃபைபர்கிளாஸ் நுழையும். அமெரிக்காவின் ஜே.எல். ஆடியோ குறிப்பிட்ட கார் மாடல்களுக்கென்று தனித்தனியாக இப்படிப்பட்ட பெட்டிகளைச் செய்து விற்றும் பெயர் வாங்கியது. நம்மூரில் அதைக் கையால் செய்கிறார்கள்.

கார்பெட்டைக் கழற்றி, தகரத்தின் மேல் மாஸ்கிங் டேப்பை இரண்டு மூன்று அடுக்காக ஒட்டுவதில் வேலை தொடங்குகிறது. ஒரு பொட்டு இடம் விட்டுப்போனாலும் ரெசின் தகரத்தைக் கவ்விக்கொள்ளும்; பிறகு பெயர்க்கும்போது பெயின்டும் சேர்ந்து வரும். கண்ணாடி இழை மேட்டைக் கத்தரியால் வெட்டுவதைவிடக் கையால் பிய்ப்பதே நல்லது. பிய்ந்த ஓரம்தான் அடுத்த துண்டோடு இழையோடும். அதன் மேல் ரெசினைத் தடவி, பிரஷ் நுனியால் குத்திக் குத்திக் காற்றுக் குமிழியை வெளியேற்ற வேண்டும். காசிமேட்டில் கரையேறி நிற்கும் ஃபைபர் படகுகளும் இதே மேட், இதே வகை ரெசின்தான். சித்திரை வெயிலில், ரெசினை இறுகவைக்கும் கேட்டலிஸ்ட் கொஞ்சம் கூடிப்போனால் டப்பாவிலேயே ரெசின் இறுகிப் புகையும். இரண்டு அடுக்கு காய்ந்ததும் அச்சை வெளியே எடுத்து, ஐந்தாறு மில்லிமீட்டர் தடிமன் வரும்வரை மேலும் அடுக்குகள். பிறகு ஸ்பீக்கர் உட்காரும் எம்.டி.எஃப். வளையத்தைக் குச்சிகளில் நிறுத்தி, துணியை விறைப்பாக இழுத்துப் போர்த்தி, அதற்கும் ரெசின். கடைசியில் பட்டி, உப்புத்தாள், மறுபடி பட்டி.

வளைந்து நெளிந்த அந்தப் பெட்டிக்கு நீளம் அகலம் உயரம் பெருக்க முடியாது. நல்ல கைவினைஞர் பெட்டிக்குள் தெர்மக்கோல் மணிகளைக் கொட்டி நிரப்பி, அதே மணிகளை அளவு தெரிந்த அட்டைப்பெட்டியில் மாற்றி லிட்டரைக் கண்டுபிடித்துவிடுவார். ஸ்பீக்கரின் காந்தமும் சட்டகமும் அடைக்கும் இடத்தையும் கழிப்பார். இதைச் செய்யாத கடையில் கிடைப்பது அழகான ஓர் அலமாரி மட்டுமே.

அழகுக்குத்தான் இங்கே காசு அதிகம் போகிறது. அலைபோல் ஒரு வடிவம், அதற்குள் நீல எல்.இ.டி., மேலே அக்ரிலிக்கில் குலதெய்வத்தின் பெயர். 40 ஹெர்ட்ஸ் ஒலியலையின் நீளம் சுமார் 8.5 மீட்டர், காரைவிட இரு மடங்குக்கும் மேல். அவ்வளவு நீள அலைக்குப் பெட்டியின் வளைவும் நெளிவும் ஒரு பொருட்டே இல்லை. உள்ளளவு சரியாக இருக்க வேண்டும், சுவர் அதிரக் கூடாது, காற்று கசியக் கூடாது. மற்றதெல்லாம் கண்ணுக்கு.

"ஊரை அதிரவைக்க ஒரு பெட்டி வேறா?" என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. குடியிருப்புப் பகுதியில் இரவு வரம்பு 45 டெசிபல் என்று 2000-ம் ஆண்டு ஒலி மாசு விதிகள் சொல்கின்றன; நடுநிசியில் தெருவை உலுக்குபவருக்கு அபராதம் போடட்டும். ஆனால் இளையராஜா பாடல்களில் பேஸ் கிடார் தனியாக ஒரு மெட்டே போட்டுக்கொண்டு நடக்கும். அந்த கிடாரின் தடித்த தந்தி எழுப்பும் அடிஸ்வரம் சுமார் 41 ஹெர்ட்ஸ். கதவு ஸ்பீக்கருக்கு அது எட்டுவது கடினம். குறைந்த சத்தத்திலேயே அதைத் தெளிவாகக் கேட்க விரும்புவது குற்றமில்லை.

குற்றம் வேறிடத்தில் நடக்கிறது. ரெசினில் மூக்கைத் துளைக்கும் அந்த நெடி ஸ்டைரீன். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2018-ல் அதை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் வாய்ப்புள்ளவற்றின் 2ஏ பிரிவில் சேர்த்தது. கேட்டலிஸ்ட் ஒரு துளி கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம். அதை, இறுகுவதை வேகப்படுத்தும் கோபால்ட் ஆக்சிலரேட்டரோடு நேராகக் கலந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். உப்புத்தாள் தேய்க்கும்போது கிளம்பும் கண்ணாடித் தூள் தோலில் அரிக்கும், மூச்சில் ஏறும். மூடிய ஷெட்டில், மூக்கில் கைக்குட்டை கட்டிக்கொண்டு இதைச் செய்பவர்கள் பெரும்பாலும் இருபது வயதுப் பையன்கள். கைக்குட்டை ஆவியைத் தடுக்காது. அதற்கென்று கரிவடிகட்டி பொருத்திய மாஸ்க் இருக்கிறது. கடைக்காரர் அதை வாங்கித் தர வேண்டும், வாடிக்கையாளர் பில்லில் அதற்கும் சேர்த்துக் கொடுக்க வேண்டும்.

அடுத்த முறை காரைக் கடையில் விடும் முன் இரண்டே கேள்விகள் கேளுங்கள்: உள்ளே எத்தனை லிட்டர் வைக்கிறீர்கள், ரெசின் தடவும் தம்பிக்கு மாஸ்க் இருக்கிறதா? இரண்டுக்கும் பதில் சொல்லும் கடையில் பேரம் பேச வேண்டாம்.