அமிர்தியில் கனத்துப்போன ஸ்டீயரிங்

வேலூரில் இருக்கிறவர்களுக்கு அமிர்தி என்றால் அரை நாள் பிக்னிக். கணியம்பாடி வழியாகப் போனால் 25 கி.மீ. சொச்சம். ஜவ்வாது மலை அடிவாரம், சின்னதாக ஒரு விலங்குப் பூங்கா, மழை பெய்திருந்தால் அருவி. பெண்ணுக்கு மயில் பார்க்கணும், மாமனாருக்குக் காற்று வாங்கணும், எனக்குப் புளியோதரை. அப்படித்தான் போனோம்.

திரும்பக் கிளம்பும்போதுதான் வினை. பார்க்கிங்கிலிருந்து வண்டியை வளைத்து எடுக்கிறேன், பானெட்டுக்குள்ளிருந்து 'ஙீ...' என்று ஒரு முனகல். அடுத்த திருப்பத்தில் ஸ்டீயரிங் கல்லாகிவிட்டது. இரண்டு கையாலும் இழுத்தால்தான் அசைகிறது. கூடவே எண்ணெய் கருகும் வாடை. "ஏங்க, புகை வருது!" என்று பின் சீட்டிலிருந்து குரல் வருவதற்குள் இன்ஜினை அணைத்துவிட்டேன்.

பக்கத்தில் நின்றிருந்த லோடு ஆட்டோக்காரர் குனிந்து பார்த்தார். "இன்னா சார், பவர் ஆயில் மொத்தமும் கீழ ஊத்திக்கிச்சே. ஓஸ் வெடிச்சிருக்கு" என்றார். சிவப்பாக ஒரு குட்டை. அதில் கொஞ்சம் சைலன்ஸர் பைப் மேலே பட்டுப் புகைந்திருக்கிறது. அணைக்காமல் ஓட்டியிருந்தால் தீப்பிடிக்கவும் வாய்ப்பிருந்தது என்று பிற்பாடுதான் உறைத்தது.

விஷயம் இதுதான். ஹைட்ராலிக் பவர் ஸ்டீயரிங்கில் இன்ஜின் பெல்ட் ஒரு பம்ப்பைச் சுற்றும். பம்ப், எண்ணெயை அழுத்தி ஒரு ஓஸ் வழியாக ஸ்டீயரிங் ராக்குக்கு அனுப்பும். வேலை முடிந்த எண்ணெய் இன்னொரு ஓஸ் வழியாகத் திரும்பி டப்பாவுக்கு வரும். போகிற ஓஸில்தான் ஆபத்து. ஸ்டீயரிங்கை முழுசாகத் திருப்பிப் பிடிக்கும்போது, அதற்குள் அழுத்தம் 1,000 பி.எஸ்.ஐ.யைத் தாண்டும். நாம் கார் டயருக்கு அடிப்பது முப்பது சொச்சம்தான்! இத்தனை அழுத்தமும் இன்ஜின் சூடும் சேர்ந்தால் பத்து வருஷத்து ரப்பர் எத்தனை நாள் தாங்கும்?

1951-ல் அமெரிக்காவில் கிரைஸ்லர் இம்பீரியல் காரில் விற்பனைக்கு வந்த சமாச்சாரம் இது. இப்போது வருகிற சின்ன கார்களில் பெரும்பாலும் மின்சார மோட்டார்தான். ஓஸும் கிடையாது, எண்ணெயும் கிடையாது. உங்கள் வண்டி எந்த ரகம் என்று தெரியாவிட்டால் பானெட்டைத் திறந்து பாருங்கள். மூடியில் ஸ்டீயரிங் படம் போட்ட டப்பா இருந்தால், மேற்கொண்டு படியுங்கள்.

எண்ணெய் இல்லாமல் பம்ப் சுற்றினால் சீக்கிரமே தேய்ந்து நாசமாகிவிடும். ஓஸ் செலவோடு போகவேண்டியது பம்ப் செலவாகிவிடும். எங்கள் பழைய டீசல் வண்டியில் பவர் பம்ப்புக்குத் தனி பெல்ட். ஆட்டோக்காரர் ஒரு போல்ட்டைத் தளர்த்தி அதைக் கழற்றிக் கையில் கொடுத்தார். "மெதுவா போங்க சார். கனமா இருக்கும், ஆனா திரும்பும்." எல்லா வண்டியிலும் இது முடியாது. ஆல்டர்னேட்டர், வாட்டர் பம்ப் எல்லாவற்றுக்கும் ஒரே பெல்ட் என்றால் கழற்றவே கூடாது, டோயிங்தான். இன்னொன்று, நாங்கள் இருந்தது அடிவாரம். மேலே கொண்டை ஊசி வளைவில் இப்படி ஆகியிருந்தால் நான் ஓட்டியிருக்கவே மாட்டேன்.

"அம்பாசிடர் ஓட்டின கை மாப்ளே இது, நகருங்க" என்று மாமனார் ஸ்டீயரிங்கைப் பிடித்தார். வேலூர் வரும்வரை அவர் முகத்தில் இருந்த பெருமையைப் பார்க்கணுமே!

அடுத்த வாரம் நானே மாற்றுவது என்று முடிவு. யூடியூப் பார்த்த தைரியம். பழைய ஓஸைக் கழற்றிக் கையோடு ஸ்பேர்ஸ் கடைக்கு எடுத்துப் போனேன். அது முக்கியம். நீளமோ வளைவோ கொஞ்சம் மாறினாலும் உட்காராது. கம்பெனி ஓஸ் கிடைக்காத பழைய வண்டிகளுக்கு, டிராக்டர், ஜே.சி.பி.க்கு ஓஸ் அழுத்தித் தரும் கடைகளில் செய்துகொள்ளலாம். ஆனால் பவர் ஸ்டீயரிங் எண்ணெய்க்கும் சூட்டுக்கும் ஏற்ற ரப்பரா என்று கேட்டு வாங்குங்கள்.

வேலை என்னவோ எளிமையானதுதான். இன்ஜின் ஆறியபின், முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, கட்டாயம் ஸ்டாண்டில் நிறுத்தணும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் தலையை விடாதீர்கள். கீழே ஒரு பழைய தட்டு. ராக் பக்கத்து நட்டுக்கு சாதாரண ஸ்பேனர் போட்டால் முனை மழுங்கும். பைப் நட்டுக்கென்றே இருக்கிற பிளேர் ஸ்பேனர் வேணும். புது ஓஸை முறுக்காமல், பழையது போன வழியிலேயே, அதே கிளாம்ப்புகளில் மாட்டி, மரையை முதலில் விரலாலேயே ஏற்றணும். விரலால் ஏறாவிட்டால் மரை பிசகுகிறது என்று அர்த்தம்.

நான் கோட்டை விட்டது வாஷரில். பம்ப் பக்கத்து போல்ட்டுக்கு மேலும் கீழுமாக இரண்டு செம்பு வாஷர். புது ஓஸோடு ஒன்றுதான் வந்தது. பழையதில் ஒன்றைத் துடைத்துப் போட்டு 'போதும்' என்றுவிட்டேன். செம்பு வாஷர் ஒரு தடவை நசுங்கினால் அவ்வளவுதான். எண்ணெய் ஊற்றி ஸ்டார்ட் பண்ணினால் சொட்டு... சொட்டு.

எங்கிருந்து ஒழுகுகிறது என்று விரலை வைத்துத் தடவப்போனேன். தெரிந்த மெக்கானிக் அண்ணன் ஒருவர், வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தவர், கையைத் தட்டிவிட்டார். "கையை எடுங்க சார்! ஊசி மாதிரி உள்ள போயிடும்."

அவர் சொன்னது நிஜம். ஓஸில் குண்டூசித் துளை இருந்தால் அதிலிருந்து பீய்ச்சும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே எறும்பு கடித்த மாதிரிதான் தெரியும். உள்ளே சதை அழுக ஆரம்பிக்கும். உடனே ஆபரேஷன் செய்யாவிட்டால் விரலையே எடுக்கவேண்டி வரலாம். கசிவு பார்க்க அட்டைத் துண்டைக் காட்டுங்கள். தப்பித்தவறி பட்டுவிட்டால், வலி இல்லையே என்று விடாமல் நேராக அவசர சிகிச்சைக்குப் போங்கள்.

மறுநாள் இரண்டு புது வாஷர். பிறகு காற்று எடுக்கிற வேலை. இன்ஜினை அணைத்து, சக்கரம் தரையில் படாமல், ஸ்டீயரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக இருபது தடவை மெதுவாகத் திருப்பணும். எண்ணெய் இறங்க இறங்க ஊற்றணும். அதற்கப்புறம்தான் ஸ்டார்ட் செய்து மறுபடி திருப்புவது. கோடியில் ஐந்து விநாடிக்கு மேல் பிடித்து வைக்கக் கூடாது. டப்பாவில் நுரை அடங்கி, முனகல் நின்றால் முடிந்தது. எந்த எண்ணெய் என்பது மூடியிலோ மேனுவலிலோ இருக்கும். 'எல்லாம் ஒண்ணுதான் சார்' என்று சொல்லும் கடைக்காரரை நம்பாதீர்கள்.

என்னைக் கேட்டால், திரும்பி வருகிற ஓஸ் வீட்டில் மாற்றலாம்; அதில் அழுத்தம் குறைவு, கிளாம்ப்தான். அழுத்த ஓஸ் கைக்கு எட்டாத இடத்தில் இருந்தாலோ, ஸ்டாண்டு இல்லாவிட்டாலோ மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள். எனக்கு இரண்டு ஞாயிறும் ஒரு சட்டையும் போனது.

வடித்த பழைய எண்ணெயைப் பாட்டிலில் அடைத்து அந்த மெக்கானிக் அண்ணனிடமே கொடுத்துவிட்டேன். அவர் கழிவு எண்ணெய் எடுப்பவர்களிடம் போடுவார். அமிர்தியில் சிந்தியதை அன்றைக்கு மண் போட்டு, அள்ளி, பையில் கட்டிக் கொண்டுவந்தது என் பெண்தான். "மான் தண்ணி குடிக்கிற இடம்பா" என்றாள்.

அடுத்த ஞாயிறு மறுபடி அமிர்தி. மாமனார்தான் ஓட்டுவாராம். பெல்ட்டைக் கழற்றிவிடலாமா என்று கேட்கிறார்.