புதிய தாராவும் பழைய மந்தையும்

சந்தையிலே நல்ல தாராவொன்றைக் கண்டு வாங்கிவரும் கமக்காரர், அன்று மாலையே அதனைத் தமது மந்தையோடு சேர்த்து அடைத்துவிடுவது பல இடங்களிலும் காணப்படும் வழக்கமாகும். இருட்டிலே விட்டால் விடியுமுன் ஒன்றோடொன்று பழகிவிடும் என்பது இதற்குக் கூறப்படும் நியாயம். கோழிகளிடத்தில் இம்முறை ஓரளவு பலிப்பதுண்டு. கோழி இருளிற் பார்வை மங்கிக் கம்பின்மேல் அசையாதிருக்கும். தாராவோ நிலத்திலே தங்குவது. இரவிலும் விழித்து நடமாடுவது. அயலொன்று புகுந்தால் வெருண்டு ஒன்றன்மேலொன்று விழுவது. ஆகவே கோழிக்குரிய வழக்கத்தைத் தாராவுக்கும் கைக்கொள்வது தவறாகும்.

வெருட்சியிலும் பெரிய ஆபத்து நோயாகும். நோயுற்றதெனத் தெரிந்த பறவையை எவரும் விலைகொடுத்து வாங்கார். நலமுடையதாகத் தோன்றும் பறவையே நோயை வீட்டுக்குக் கொண்டுவருகின்றது. 1923ஆம் ஆண்டில் ஒல்லாந்து தேசத்திலே முதன்முதலாக அறியப்பட்ட தாராக் கொள்ளைநோய் இதற்குத் தக்க சான்று. அந்நோய் கண்ட தாராக்கள் தீனியை வெறுத்து, ஒளிக்குக் கண்கூசி, நீராய்க் கழிந்து, விரைவில் இறக்கின்றன. பிழைத்தெழுந்தவையோ வெளித்தோற்றத்தில் நலமாயிருந்தும் நெடுங்காலம் கிருமியைத் தாங்கித் திரிகின்றன. 2004ஆம் ஆண்டிலே தாய்லாந்திற் பறவைக் காய்ச்சல் பரவியபோது, அறுவடை முடிந்த நெல்வயல்களில் மேய்க்கப்பட்ட தாராக்களுக்கும் அந்நோயின் பரவலுக்கும் நெருங்கிய தொடர்பிருந்தமை ஆராய்ச்சியாற் புலனாயிற்று. நெல்வயலிலே தாரா மேய்ப்போர் மறக்கலாகாத பாடம் இதுவாகும்.

ஆகவே புதிய தாராவை மூன்று கிழமைக்குக் குறையாமல், இயலுமாயின் முப்பது நாள்வரை, தனியே வைத்தல் வேண்டும். ஒரு தாராவுக்காக வேறொரு கொட்டிலா எனச் சிலர் வினவலாம். புதுக் கட்டடம் எதுவும் வேண்டியதில்லை. வளவின் ஒரு மூலையிலே கம்பிவலையும் கிடுகும் கொண்டு அடைத்து, உலர்ந்த உமியோ வைக்கோலோ பரப்பினாற் போதும். நாயும் கீரியும் புகாதவாறு அடைப்பு உறுதியாயிருத்தல் அவசியம். தாரா தன் தலையை முழுவதும் அமிழ்த்திக் கண்ணையும் மூக்கையும் கழுவத்தக்க ஆழமுள்ள சட்டியொன்றில் நாள்தோறும் புதிய நீர் வைத்தல் வேண்டும். அச்சட்டியின் கழிவுநீர் பழைய மந்தை திரியும் இடத்துக்கோ வாய்க்காலுக்கோ ஓடலாகாது. முதலிலே பழைய மந்தைக்குத் தீனியிட்டுப் பின்னரே புதிய தாராவிடம் செல்லுதல் வேண்டும். திரும்பும்போது கையையும் காலையும் சவர்க்காரமிட்டுக் கழுவுதல் வேண்டும்.

இந்நாட்களிலே தாராவின் கண், மூக்கு, எச்சம், நடை ஆகியவற்றைத் தினமும் கவனித்தல் நன்று. இறகின் அடியிற் பேன் உண்டோவெனவும் பார்த்தல் வேண்டும். நோய்க்குறி தோன்றினால் அண்மையிலுள்ள அரசாங்க மிருக வைத்திய அலுவலகத்துக்குத் தாமதமின்றி அறிவித்தல் வேண்டும். இறந்த பறவையை வாய்க்காலில் எறிதல் அயலவருக்கெல்லாம் தீங்கு செய்வதாகும். தனிவாசம் நோய்காவும் பறவைகள் யாவற்றையும் காட்டிக்கொடுக்கும் என்று கொள்வதற்கில்லை. ஆதலாற் பல ஊர்ப் பறவைகள் கலக்கும் சந்தையிலும், அறிந்தவர் ஒருவரின் நலமான மந்தையிலிருந்து வாங்குவதே சிறந்தது.

தனிவாசம் முடிந்தபின்னரும் அவசரம் ஆகாது. ஒவ்வொரு மந்தையிலும் முந்தியுண்பது எது, பின்வாங்குவது எது என்ற ஒழுங்கொன்று நிலைத்திருக்கும். புதியது வரும்போது அவ்வொழுங்கு குலைகின்றது. ஆதலின் ஒரு கிழமைவரை கம்பிவலை ஒன்றே இடையிலிருக்க, இரு பக்கத்தாரும் ஒருவரையொருவர் கண்டு பழக விடுதல் வேண்டும். அதன்பின், காலை வேளையிலே, ஓடி விலகுவதற்கு இடமுள்ள வெளியில் ஒன்றாக விடலாம். தீனியையும் நீரையும் இரண்டு மூன்று இடங்களிற் பிரித்து வைத்தாற் புதியது பட்டினி கிடவாது. சில நாள் துரத்துவதும் சொண்டினாற் கொத்துவதும் இயல்பே. இரத்தம் கண்டாலும், தீனியை அணுகவிடாது தடுத்தாலும், நீரில் அமிழ்த்தினாலும் உடனே பிரித்துவிடுதல் வேண்டும். இரவிலே ஒன்றாக அடைக்கும்போது தாராவொன்றுக்கு 4 சதுர அடியேனும் இடமிருத்தல் வேண்டும்.

ஒன்றைத் தனியே கொண்டுவருவதிலும் இரண்டை ஒருசேரக் கொண்டுவருவது மேல். துரத்தல் முழுவதும் ஒன்றன்மேல் விழாது. ஆண் தாராவாயின் மேலும் எச்சரிக்கை வேண்டும். ஐந்து அல்லது ஆறு பெட்டைக்கு ஓர் ஆண் போதுமானது. ஆண் மிகுந்தாற் சண்டையும், பெட்டைகளின் கழுத்திலும் முதுகிலும் காயமும் மிகும். வளர்ந்த தாராவின் குரலே அதன் பாலை அறிவிக்கும்: பெட்டை உரத்துக் கத்தும், ஆணின் குரல் கம்மியிருக்கும். குஞ்சுகளை நன்கு வளருமுன் பெரிய தாராக்களோடு விடுதல் ஒருபோதும் தகாது.

புதியது மந்தையோடு இணைந்து, மாலையில் அதனுடன் கொட்டிலுக்குத் திரும்பப் பழகும்வரை வயலுக்கு விடாதிருத்தலே நன்று. பழகாத தாரா வழிதவறி அயலார் மந்தையிற் புகும். அன்றேல் நரிக்கு இரையாகும். பூச்சிநாசினி தெளித்த வயலுக்கோ, கதிர் தள்ளிய வயலுக்கோ, இளங்கீரைப் பாத்திக்கோ பழகிய மந்தையையும் விடலாகாது என்பது கமக்காரர் அறிந்ததே.

இவ்வளவு பொறுமை ஒரு தாராவுக்கு மிகையெனத் தோன்றலாம். ஆனால் காக்கப்படுவது அந்த ஒன்று மட்டுமன்று. வெருண்ட மந்தை முட்டையிடுதல் குறையும்; நோய் கண்ட மந்தை முற்றாக அழியவுங் கூடும். ஒரே வாய்க்கால் நீர் பல வயல்களுக்கும் பாய்வதால், ஒருவரின் அவசரம் ஊராரின் இழப்பாகலாம். வீட்டுச் செலவுக்கு நாள்தோறும் முட்டை தரும் பத்துத் தாராக்களை, நேற்று வாங்கிய ஒன்றுக்காகப் பணயம் வைப்பது கமக்காரருக்கு அழகன்று.