லாசர் எப்போது எழுந்திருப்பார்?

மார்த்தாவைக் குறை சொல்லாமல் எங்கள் கரையில் மறைக்கல்வி வகுப்பு நடப்பதில்லை. ஞாயிறு பூசை முடிந்து பிள்ளைகளைக் கோவில் தரையில் உட்காரவைத்து, ஆண்டவர்மேல் கவனம் சிதறாமல் இருப்பது எப்படி என்று சொல்லித்தரத் தொடங்கினால், ஐந்தாவது நிமிடத்தில் அவள் வந்துவிடுவாள். கையில் கரண்டியோடு, நெற்றியில் வியர்வையோடு, கெட்ட உதாரணமாக.

கதை தெரிந்ததுதான். லூக்கா நற்செய்தி 10ஆம் அதிகாரத்தின் கடைசி ஐந்து வசனங்கள். இயேசு ஒரு வீட்டுக்கு விருந்தாளியாக வருகிறார். மரியா அவர் காலடியில் அமர்ந்து அவர் பேசுவதைக் கேட்கிறாள். மார்த்தா விருந்து வேலையில் அல்லாடுகிறாள். தன்னைத் தனியாக விட்டுவிட்டாளே என்று சகோதரியைப் பற்றி அவரிடமே முறையிடுகிறாள். அவர் மார்த்தாவின் பதற்றத்தைச் சுட்டிக்காட்டுகிறார். மரியா எடுத்துக்கொண்ட பங்கு அவளிடமிருந்து பறிபோகாது என்கிறார்.

இதிலிருந்து பிள்ளைகளுக்குக் கிடைக்கும் பாடம் இரண்டே வரி. மரியா கவனமுள்ளவள். மார்த்தா கவனம் சிதறியவள். பிறகு பட்டியல் வரும். நம் கவனத்தைக் கலைப்பவை எவை? செல்போன், டிவி, கிரிக்கெட், ஊர்வம்பு, வீட்டுவேலை. இந்தக் கடைசிச் சொல் அந்தப் பட்டியலுக்குள் எப்படி வந்தது என்பதுதான் என் கேள்வி. செல்போனை அணைத்துவைத்தால் யாரும் பட்டினி கிடப்பதில்லை. அடுப்பை அணைத்துவைத்தால் அத்தனை பேரும் கிடப்பார்கள், பாடம் நடத்துகிறவர் உட்பட.

சில ஆண்டுகளுக்கு முன் கடற்கரைப் பங்கு ஒன்றின் மறைக்கல்வி ஆண்டுவிழாவில் பேச்சுப் போட்டிக்கு நடுவராக என்னை அழைத்திருந்தார்கள். ஆறாம் வகுப்புப் படிக்கிற பெண்பிள்ளை ஒருத்தி மேடையேறி, நாம் மார்த்தாவாக இருக்கக் கூடாது என்று கையை உயர்த்தி முழங்கினாள். நல்ல குரல். அவளுக்குத்தான் முதல் பரிசு. கோவிலுக்குப் பின்னால் காலையிலிருந்தே பெண்கள் சமைத்துக்கொண்டிருந்தார்கள். அன்றைய பூசைக்கு அவர்களால் முழுதாக வர முடியவில்லை. போட்டி முடிந்ததும் பந்தி போட்டார்கள். பேசிய பையன்கள் இலைக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். "ஏட்டி, அந்தச் சாம்பார் வாளிய எடுத்துட்டு வா" என்று முதல் பரிசுக்காரியைக் கூப்பிட்டார்கள். பரிசாகக் கிடைத்த எவர்சில்வர் டிபன் பாக்ஸை என் கையில் திணித்துவிட்டு அவள் ஓடினாள்.

காலை பத்து மணிக்கு மார்த்தாவாக இருக்காதே. மதியம் ஒரு மணிக்கு மார்த்தாவாக இரு. பெண்பிள்ளைகளுக்கு நாம் சொல்லித்தருகிற கவனம் இதுதான். ஆண்பிள்ளைகளுக்குச் சொல்லித்தருவது இதைவிட மோசம். சோறு தானாக இலைக்கு வரும் என்று அவர்கள் கற்றுக்கொள்கிறார்கள்.

அந்த வீட்டில் ஒரு ஆண் உண்டு. லூக்கா அவனைச் சொல்லவில்லை, யோவான் சொல்கிறார். பெத்தானியாவில் இந்தச் சகோதரிகளுக்கு உடன்பிறந்தவன் இருந்தான், பெயர் லாசர். செத்து நான்கு நாளாகிக் கல்லறையில் கிடந்தவனை இயேசு எழுப்பினார். அதன்பிறகு அந்த ஊரில் அவருக்கு விருந்து நடக்கிறது. யோவான் 12ஆம் அதிகாரம், இரண்டாம் வசனத்தைப் பிள்ளைகளிடம் வாசித்துக் காட்டுங்கள். மார்த்தா பரிமாறுகிறாள். லாசர் பந்தியில் இருக்கிறான். சாவிலிருந்து எழுந்தவன் பந்தியிலிருந்து எழவில்லை. கவனம் பற்றிய வகுப்புகளில் இரண்டாயிரம் ஆண்டுகளாக மார்த்தா நிற்கவைத்து விசாரிக்கப்படுகிறாள். லாசரை யாரும் ஒரு கேள்வி கேட்டதில்லை.

இன்னொரு பக்கத்தையும் புரட்டுவோம். திருத்தூதர் பணி 6ஆம் அதிகாரத்தில் பந்தி விசாரிப்பில் தகராறு வருகிறது; கைம்பெண்களுக்குச் சரியாகக் கிடைக்கவில்லை என்பது புகார். செபத்தையும் இறைவார்த்தையையும் விட்டுவிட்டுப் பந்தியைக் கவனிக்கத் தங்களால் முடியாது என்று திருத்தூதர்கள் ஏழு ஆண்களைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறார்கள். அந்த ஏழு பேர்மீதும் கைவைத்துச் செபிக்கிறார்கள். மார்த்தாவின் வேலைக்கு லூக்கா போடும் கிரேக்கச் சொல் தியாக்கோனியா. இந்த ஏழு பேருடைய வேலைக்கும் அதே சொல். லூக்காவின் இரண்டு நூல்களிலும் சொல் ஒன்றுதான், வேலையும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆண்கள் பரிமாறியபோது அது திருத்தொண்டு, கைவைத்துக் கொடுக்கப்பட்ட பதவி. பெண் பரிமாறியபோது அது கவனச் சிதறல்.

இயேசுவே மரியாவின் பக்கம்தானே பேசினார் என்பார்கள். ஆம், பேசினார். எதற்காகப் பேசினார் என்று பாருங்கள். குருவின் காலடியில் உட்காருவது என்றால் மாணவராக இருப்பது. பவுல் கமாலியேலின் காலடியில் கற்றதாகச் சொல்வதும் இதே பொருளில்தான். மரியா படிக்க உட்கார்ந்தாள். ஒரு பெண் படிக்க உட்கார்ந்த இடத்திலிருந்து அவளை எழுப்பக் கூடாது என்பதுதான் அந்த வீட்டில் சொல்லப்பட்ட தீர்ப்பு. வேலை கேவலம் என்றோ, சமைத்தவள் பக்தி குறைந்தவள் என்றோ அதில் இல்லை. தம்பி செத்தாலும் அண்ணன் செத்தாலும் அழுது முடங்காமல் ஊர் எல்லைக்கே போய் இயேசுவை எதிர்கொண்டு, அவரே மெசியா, இறைமகன் என்று வாய்விட்டு அறிக்கையிட்டவள் மார்த்தாதான். பேதுரு அப்படிச் சொன்னதற்குத் திறவுகோல் கிடைத்தது. மார்த்தாவுக்குக் கரண்டிதான் மிஞ்சியது.

எங்கள் கரைக்குப் பிள்ளைகளின் கவனம் புதிய விஷயமில்லை. 1542இல் சவேரியார் இங்கே வந்தபோது அவருக்குத் தமிழ் தெரியாது. இருமொழியும் அறிந்தவர்களை வைத்துச் செபங்களைத் தமிழாக்கி, மனப்பாடம் செய்துகொண்டு, மணியடித்தபடி தெருவில் நடந்து பிள்ளைகளையும் ஆண்களையும் கூட்டினார். 1544 ஜனவரியில் கொச்சியிலிருந்து எழுதிய கடிதத்தில் அவரே இதைச் சொல்கிறார். கற்றதைப் பெற்றோருக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் சொல்லிக்கொடுப்பது சிறுவர்களின் பொறுப்பு. வீட்டில் பழைய தெய்வத்துக்குப் பூசை நடந்தால் பெற்றவர்களோடு சண்டை போட்டுவிட்டு வந்து அவரிடம் சொல்வார்கள். சிலைகளை அவர்கள் உடைத்து மிதித்ததையும் அவர் மகிழ்ச்சியோடு எழுதியிருக்கிறார். அந்தச் சிலைகளுக்கு விளக்கேற்றிய கைகளில் அம்மாக்களின் கைகளும் இருந்திருக்கும். கடவுளை மட்டும் பார் என்று சொல்லிக்கொடுத்த முதல் பாடத்திலேயே, வீட்டை வேவு பார் என்பதும் சேர்ந்திருந்தது.

அந்தப் பாடத்துக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்பது இன்னொரு கதை. போர்ச்சுகல் ராணி கத்தரீனாவின் காலணிச் செலவுக்கென்று இந்தக் கரையிலிருந்து ஆண்டுக்கு 4000 பணம் போய்க்கொண்டிருந்தது. அதை உபதேசியார்களின் ஊதியத்துக்குச் சவேரியார் கேட்டு வாங்கினார். சொர்க்கத்துக்கு ஏற முத்துக்குளித்துறைப் பிள்ளைகளைவிட நல்ல காலணி ராணிக்குக் கிடைக்காது என்று அவர் எழுதியதாகச் சரிதங்கள் சொல்கின்றன. அழகான வாக்கியம். காசு நல்ல காரியத்துக்குத் திரும்பியது என்பதையும் மறுக்கவில்லை. ஆனால் நான் இன்றைய தூத்துக்குடியில் இருந்து அதை வாசிக்கிறேன். உப்பளத்தில் கால் வெடித்து, வெள்ளை வெளிச்சத்தில் கண் கூசி நிற்கும் பெண்களின் பிள்ளைகள் என் வகுப்பில் இருக்கிறார்கள். யாருடைய கால் சொர்க்கத்துக்கு ஏறியது, யாருடைய கால் உப்பில் நின்றது என்று கேட்காமல் என்னால் அதைக் கடக்க முடியவில்லை.

தமிழ் அச்சின் வரலாறும் இங்கேதான் தொடங்குகிறது. 1578இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்', 1579இல் கொச்சியில் அச்சான 'கிரீசித்தியானி வணக்கம்' இரண்டும் ஹென்றி ஹென்றிகஸ் அடிகளார் தமிழில் தந்த மறைக்கல்வி நூல்கள். இரண்டாவதன் மூலமான மார்க்கோஸ் ஜோர்ஜின் போர்ச்சுகீசிய நூல் சிறுவர்களுக்கென்றே கேள்வி-விடையாக எழுதப்பட்டது. தமிழ் முதுகலை வகுப்பில் இவற்றைப் பெருமையோடுதான் நடத்துகிறேன். அந்தக் கேள்வி-விடை முறை இன்றும் எங்கள் வகுப்புகளில் உயிரோடிருக்கிறது. கேள்வி ஆசிரியருடையது, விடை பிள்ளையுடையது. எருசலேம் கோவிலில் பன்னிரண்டு வயது இயேசு போதகர்கள் நடுவில் உட்கார்ந்து என்ன செய்தார்? கேட்டார், கேள்வியும் கேட்டார். நற்செய்திகள் காட்டும் ஒரே பள்ளிப் பருவக் காட்சி அது. அதில் பிள்ளைதான் கேள்வி கேட்கிறது.

இது கோவிலோடு முடிகிற விஷயமும் இல்லை. பெண்கள் படிக்கிற எந்தக் கல்லூரியின் ஆசிரியர் அறையிலும் ஒரு வாக்கியம் அடிக்கடி காதில் விழும்: "இந்தப் பிள்ளைகளுக்குக் கான்சென்ட்ரேஷனே கிடையாது." முதல் மணி நேரத்தில் தூங்கி விழுகிறவள் நான்கு மணிக்கு எழுந்தவள். அம்மா உப்பளத்துக்கோ மீன் ஏலத்துக்கோ போனபின் சோறு பொங்கி, தம்பியை எழுப்பி, குடத்தில் தண்ணீர் பிடித்து, இரண்டு பஸ் மாறி வந்தவள். அதே வீட்டுத் தம்பிக்கு நல்ல கவனம். மதிப்பெண்ணும் நல்ல மதிப்பெண். அவனுடைய கவனத்தை அவள்தான் சமைத்துக் கொடுத்திருக்கிறாள். கவனக் குறைவு என்று அவள் பெயருக்கு எதிரே எழுதுகிறோம்.

கவனப் பாடத்தின் இன்னொரு நாயகன் பேதுரு. தண்ணீர்மேல் நடந்தவர், காற்றைப் பார்த்துப் பயந்தார், மூழ்கத் தொடங்கினார். ஆகவே காற்றைப் பார்க்காதே, ஆண்டவரைப் பார். இதை மதுரையில் சொல்லலாம். வாடை எது, கொண்டல் எது, கச்சான் எது, சோழகம் எது என்று பார்த்துப் பிழைக்கிற வீட்டுப் பிள்ளைகளிடம், காற்றைப் பார்ப்பது விசுவாசக் குறைவு என்று எப்படிச் சொல்வது? 2017 ஒக்கி புயலில் ஆண்களைப் பறிகொடுத்த குமரிக் கரைப் பெண்கள், எச்சரிக்கை ஏன் நேரத்தில் வரவில்லை என்று சாலையில் வந்து கேட்டார்கள். 2018 மே 22 அன்று, போராட்டத்தின் நூறாவது நாளில், பனிமய மாதா கோவில் பக்கத்தில் கூடிய கூட்டம் ஸ்டெர்லைட் ஆலையை மூடச் சொல்லி ஆட்சியர் அலுவலகத்துக்கு நடந்தது. பிள்ளைகளைக் கைப்பிடித்து நடந்த அம்மாக்கள் அதில் ஏராளம். துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் இறந்தார்கள். அதில் ஒரு பதின்வயதுப் பெண்ணும், திரேஸ்புரத்தில் ஒரு தாயும் உண்டு. அந்தப் பெண்கள் காற்றைத்தான் பார்த்தார்கள், தங்கள் பிள்ளைகள் மூச்சில் இழுக்கிற காற்றை. அவர்களுடைய பார்வை கடவுளிடமிருந்து விலகிவிட்டது என்று எந்தப் பாடமும் என் முன்னால் சொல்ல வேண்டாம்.

ஒன்றே குறி என்று சொல்ல நம் பிள்ளைகளுக்கு முத்து உவமையும் சொல்லப்படுகிறது. விலையுயர்ந்த ஒரு முத்துக்காக எல்லாவற்றையும் விற்ற வணிகர். முத்துக்குளித்துறையில் இதைச் சொல்லும்போதாவது, அந்த முத்தை எடுத்தவர் உவமையில் எங்கே என்று யாராவது கேட்டிருக்க வேண்டாமா? தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு கடைசியாக நடந்தது 1961இல். சங்குகுளிப்பு அதற்குப் பின்னும் நடந்தது. கல்லின் எடையில் மூச்சடக்கி ஒருவர் இறங்குவார். தோணியில் ஒருவர் கயிற்றைப் பிடித்தபடி நிற்பார். கயிறு அசைந்த நொடியில் இழுக்க வேண்டும். அந்த வேலைக்கு மனைவியின் உடன்பிறந்தவனையே வைப்பார்கள், தன் சகோதரியின் தாலியை நினைத்து அவன் கண்ணசர மாட்டான் என்று எங்கள் பக்கம் சொல்வதுண்டு. கவனம் என்ற சொல்லுக்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியாது. அடியில் இருக்கிறவரின் உயிர் மேலே இருக்கிறவரின் கையில் இருக்கிறது. மார்த்தா கயிறு பிடிக்கிறவள். பசித்து வந்தவரின் பசியை அந்த வீட்டில் முதலில் பார்த்தவள் அவள்.

மறைக்கல்வி நடத்துகிறவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். சிஸ்டர்கள், டீச்சர்கள், கல்லூரிப் பெண்கள். இதைப் படிக்கிற உங்களில் சிலர் வரும் ஞாயிறு வகுப்பெடுக்கப் போகிறவர்கள். வேதாகமத்தைத் தூக்கிப்போடச் சொல்லவில்லை. முழுதாக வாசிக்கச் சொல்கிறேன். லூக்கா பத்தை யோவான் பன்னிரண்டோடு சேர்த்து வாசியுங்கள். இந்த வீட்டில் லாசர் எங்கே என்று கேளுங்கள், முதலில் பையன்களிடம். காணாமல் போன ஒரு நாணயத்துக்காக விளக்கேற்றி வீடு பெருக்கித் தேடுகிற பெண்ணைக் கடவுளுக்கு உவமையாகச் சொன்னவர் இயேசு. பெருக்குவது கடவுளுக்கு ஆகும் என்றால், பையன்களுக்கும் ஆகும். விழா நாளில் சமைக்கிற பெண்கள் முறைவைத்துப் பூசைக்கு வரட்டும். அந்த நேரத்துக்கு அடுப்பை ஆண்கள் பார்க்கட்டும். அதற்கு ஒப்புக்கொள்ளாத பங்கில் மார்த்தாவைப் பற்றிப் பேச யாருக்கும் உரிமை இல்லை.

மரியாவின் இடத்தை நாம் விடப்போவதில்லை. அந்தப் பாயில் மார்த்தாவுக்கும் இடம் வேண்டும். அவள் வந்து உட்காரும் வரை கதையை நிறுத்திவையுங்கள். சாப்பிட்ட இலையை லாசர் எடுத்துப் போடட்டும்.