காதில் எண்ணெய் ஊற்றலாமா?

சளி பிடித்த நாலாம் நாள், என் எட்டு மாதப் பையன் ராத்திரியெல்லாம் ஒரே அழுகை. படுக்கப் போட்டால் வீறிடுவான், தூக்கினால் அடங்குவான். பாலும் குடிக்கவில்லை, காதைக் காதை இழுத்தான். "உரம் விழுந்திருக்கு" என்றார் மாமியார். பக்கத்து வீட்டு அக்கா பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெயோடு வந்துவிட்டார்! நல்லவேளை, நான் விடவில்லை. டாக்டர் லைட் அடித்துப் பார்த்து, "செவிப்பறைக்கு உள்ளே சீழ். பறையில் ஓட்டை விழுந்திருந்தால் எண்ணெய் உள்ளேயே போயிருக்கும்" என்றார். வலிக்கு எடை பார்த்து பாரசிட்டமாலும், கூடவே ஆன்டிபயாடிக்கும் தந்தார். ரெண்டே நாளில் பிள்ளை சிரித்ததும், "மருந்து போதுமே" என்றார் வீட்டுக்காரர். சொன்ன நாள்வரை கொடுத்துத்தான் முடித்தேன். படுக்கவைத்துப் புட்டிப்பால் கொடுப்பதையும் விட்டுவிட்டேன். கைவைத்தியத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால், உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாமல் பச்சைப்பிள்ளை காதில் ஊற்றலாமா, சொல்லுங்கள்!

– ஒரு வாசகி, திண்டுக்கல்